எங்கும் ஒரே முகம் யாருக்கு வேண்டும்?

"எங்கே போனாலும் ஒரே மாதிரி இருக்கும்" என்பதைக் கணினித் துறைக்காரர்கள் ஒரு பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். எனக்கு அது பெருமையாகத் தெரியவில்லை. எங்கும் ஒரே மாதிரி இருப்பது எழுதுகிறவருக்கு வசதி. பயன்படுத்துகிறவருக்குப் பல நேரம் அது தொல்லை. அந்தத் தொல்லையில் பெரும்பங்கு நம் வயதுக்காரர்கள் தலையில் விழுகிறது. ஆகவே இந்த வாரம் பழைய நினைவுகளைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு ஒரு சண்டை போடலாம் என்று இருக்கிறேன்.

விஷயம் புதிதாக இருக்கிறவர்களுக்கு முதலில் அடிப்படை.

கணினியில் ஒரு ஜன்னல் திறக்கிறது. அதில் பொத்தான் இருக்கிறது, எழுதும் கட்டம் இருக்கிறது, மெனு இருக்கிறது, பட்டியல் இருக்கிறது. இவற்றையெல்லாம் ஒவ்வொரு நிரலும் தானே செய்துகொள்ளத் தேவையில்லை. இயந்திரத்திலேயே இதற்கென்று ஒரு சாமான் பெட்டி உண்டு. டூல்கிட் என்பார்கள். விண்டோஸுக்கு ஒரு பெட்டி, மேக்குக்கு வேறு பெட்டி. லினக்ஸில் ஜி.டி.கே., க்யூ.டி. என்று ஒன்றுக்கு மேல் உண்டு. அந்தக் காலத்து யூனிக்ஸ் இயந்திரங்களில் மோட்டிப் இருந்தது.

மறுபக்கம் நிரல் எழுதும் மொழிகள் இருக்கின்றன. ஜாவா, பைத்தான் போன்றவை. "இந்த மொழியில் ஒரு முறை எழுதினால் எல்லா இயந்திரத்திலும் ஓடும்" என்று அவை வாக்குத் தருகின்றன. கணக்குப் போடுவதில் அந்த வாக்கைக் காப்பாற்றுவது சுலபம். இரண்டும் இரண்டும் எங்கும் நாலுதான். ஜன்னல் என்று வரும்போதுதான் சிக்கல். நிரலாளர் "இங்கே ஒரு பொத்தான் வை" என்று எழுதுகிறார். அந்தப் பொத்தானை யார் வைப்பது? இயந்திரத்தின் பெட்டியிலிருந்து எடுப்பதா, மொழிக்காரர் கையோடு கொண்டுவந்த பெட்டியிலிருந்து எடுப்பதா? சண்டை முழுவதும் இந்த ஒரு கேள்வியில் அடங்கும்.

புதுச்சேரி அரசில் வேலை பார்த்தவர்களுக்கு இது புதிய கேள்வியே இல்லை. நம்முடையது ஒரே அரசு. ஆனால் நாலு துண்டு. புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ். மாஹே மேற்குக் கடற்கரையில், மலையாளம். ஏனாம் கோதாவரிப் பக்கம், தெலுங்கு. இங்கே தலைமைச் செயலகத்தில் ஓர் உத்தரவு போட்டால் அது நாலு இடத்திலும் நடக்க வேண்டும். அதற்கு மூன்று வழி உண்டு.

முதல் வழி: நாலு அலுவலகத்திலும் பொதுவாக என்ன இருக்கிறதோ அதை மட்டும் வைத்து வேலை செய்யச் சொல்வது. ஒரு ஊரில் பேரேடு இல்லையென்றால் எந்த ஊரிலும் பேரேடு கூடாது. இரண்டாவது வழி: புதுச்சேரியிலிருந்து ஆள், மேஜை, நாற்காலி, படிவம் எல்லாவற்றையும் லாரியில் ஏற்றி மாஹேக்கு அனுப்புவது. அங்கே வரும் பாட்டிக்கு மலையாளத்தில் பதில் கிடைக்காது, ஆனால் மேஜை மட்டும் நாலு ஊரிலும் ஒரே உயரத்தில் இருக்கும். மூன்றாவது வழி: உத்தரவை அனுப்பு, உள்ளூர் அலுவலகம் தன் வழக்கப்படி செய்யட்டும், அங்கே ஒரு வசதி இல்லையென்றால் அதை மட்டும் இங்கிருந்து அனுப்பு.

நிர்வாகம் தெரிந்த யாரைக் கேட்டாலும் மூன்றாவதுதான் சரி என்பார். ஜாவா மொழி இந்த மூன்று வழிகளையும் வரிசையாகப் பார்த்துவிட்டது. அந்தக் கதையைச் சொல்கிறேன்.

ஜாவாவை சன் நிறுவனம் 1995-ல் உலகுக்கு அறிவித்தது. முதல் பதிப்பு 1996 ஜனவரியில் வந்தது. அதோடு வந்த ஜன்னல் நூலகத்தின் பெயர் ஏ.டபிள்யூ.டி. இது முதல் வழி. ஜாவாவில் ஒரு பொத்தான் கேட்டால், பின்னால் அந்த இயந்திரத்தின் உண்மையான பொத்தான் ஒன்று ஜோடியாக வந்து நிற்கும். எண்ணம் நல்ல எண்ணம். ஆனால் எல்லா இயந்திரங்களுக்கும் பொதுவானது மட்டும்தான் உள்ளே வரலாம் என்று கதவைக் குறுக்கிவிட்டார்கள். பொத்தான், கட்டம், சாதாரணப் பட்டியல் இருந்தன. வரிசையும் பத்தியுமாக விவரம் காட்டும் அட்டவணை இல்லை. கோப்புறைகளைக் கிளை கிளையாகக் காட்டும் மரம் இல்லை. அட்டவணை இல்லாமல் எந்த அலுவலக வேலை நடக்கும்? போதாததற்கு ஒவ்வொரு இயந்திரத்திலும் ஜோடிப் பொத்தான் ஒவ்வொரு விதமாக நடந்துகொண்டது. "ஒரு முறை எழுது, எங்கும் ஓடும்" என்பது சன் நிறுவனத்தின் வாசகம். "ஒரு முறை எழுது, எங்கும் பிழை தேடு" என்று நிரலாளர்கள் அதைக் கேலி செய்தார்கள்.

அந்த நூலகத்தில் ஒரு நல்ல காரியமும் இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். பொத்தானை "இடதிலிருந்து இத்தனை புள்ளி, மேலிருந்து இத்தனை புள்ளி" என்று அளந்து வைக்காமல், "வரிசையாக வை", "மேலே ஒன்று, நடுவில் ஒன்று" என்று ஒழுங்கை மட்டும் சொல்லும் முறை அதில் இருந்தது. ஒரே பொத்தான் ஒரு இயந்திரத்தில் அகலமாகவும் இன்னொன்றில் ஒடுக்கமாகவும் இருக்கும் என்பதால் வந்த ஏற்பாடு அது. மொழி மாறினாலும் இதே ஏற்பாடு உதவும். ஆங்கிலத்தில் நாலே எழுத்தில் முடிகிற "சேவ்", பிரெஞ்சில் "ஆன்ரெஜிஸ்த்ரே" என்று பதினோரு எழுத்து. அளந்து வைத்த பொத்தானில் பிரெஞ்சுச் சொல்லின் வால் அறுந்துவிடும். வீட்டுக்குத் தக்கபடி விரிந்து சுருங்கு என்ற புத்தி ஆரம்பத்திலேயே இருந்தது என்பதற்காகச் சொல்கிறேன்.

பிறகு வந்தது ஸ்விங். முதலில் தனியாக வெளிவந்து, 1998 டிசம்பரில் ஜாவா 1.2-உடன் சேர்ந்தது. இது இரண்டாவது வழி, லாரியில் மேஜை நாற்காலி அனுப்பும் வழி. இயந்திரத்திடம் ஒரு வெறும் ஜன்னலை மட்டும் வாங்கிக்கொண்டு, உள்ளே உள்ள பொத்தான், மெனு, அட்டவணை எல்லாவற்றையும் ஜாவாவே தன் கையால் வரைந்தது. அட்டவணை வந்தது, மரம் வந்தது. நிரலாளர்களுக்குக் கொண்டாட்டம். விரும்பினால் விண்டோஸ் மாதிரி வேஷம் போட்டுக்கொள்ளும் வசதியும் கொடுத்தார்கள்.

வேஷம் என்றுதான் சொன்னேன், கவனியுங்கள். 2001-ல் விண்டோஸ் எக்ஸ்பி வந்து எல்லாப் பொத்தானின் தோற்றமும் மாறியது. ஸ்விங் பழைய வேஷத்திலேயே நின்றது. எக்ஸ்பி வேஷம் அதற்குக் கிடைத்தது 2003-ல், ஜாவா 1.4.2-ல். மேக்கில் மெனு எப்போதும் திரையின் உச்சியில் இருக்கும்; ஸ்விங் நிரலில், நிரலாளர் தனியாகச் சொல்லி வைத்தாலொழிய, அது ஜன்னலுக்குள் உட்கார்ந்திருக்கும். பின்னாளில் புள்ளிகள் நெருக்கமான திரைகள் வந்தன. அவற்றில் எழுத்தைத் தக்கபடி பெரிதாக்கிக் காட்டும் வேலையை விண்டோஸும் லினக்ஸும் செய்துகொண்டிருந்தபோது, ஸ்விங் நிரல்கள் எறும்பு எழுத்தில் நின்றன. அந்த இரண்டு இயந்திரங்களிலும் ஜாவா இதைச் சரிசெய்தது 2017-ல் வந்த ஒன்பதாம் பதிப்பில். வீட்டுக்காரர் சுவரைப் பெரிதாக்கி இரண்டு வருஷம், ஐந்து வருஷம் ஆன பிறகுதான் விருந்தாளிக்குத் தகவல் போகிறது.

மூன்றாவது வழியை ஐ.பி.எம். எடுத்தது. அதன் துணை நிறுவனமான கனடாவின் ஓ.டி.ஐ.யில் எஸ்.டபிள்யூ.டி. என்ற நூலகத்தைச் செய்தார்கள். 2001 நவம்பரில் எக்லிப்ஸ் என்ற மென்பொருளோடு அது எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிடப்பட்டது. விண்டோஸில் ஓடினால் விண்டோஸ் பெட்டி, லினக்ஸில் ஜி.டி.கே. பெட்டி, மேக்கில் மேக்கின் பெட்டி. உள்ளூர்ப் பெட்டியில் ஒரு பொருள் இல்லையென்றால் மட்டும் தானே செய்து தரும். மோட்டிப்பில் அப்படித்தான் அட்டவணையையும் மரத்தையும் செய்து கொடுத்தது. மற்றபடி வீட்டுப் பொருளைத் தொடாது. மாஹே அலுவலகம் மலையாளத்திலேயே பதில் சொல்லும்.

நான் மூன்றாவது கட்சி. ஏன் என்பதற்கு நாலு காரணம் சொல்கிறேன்.

முதலாவது, விரல். நான் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன். பிரெஞ்சுத் தட்டச்சுப் பலகையில் ஆங்கிலப் பலகையின் க்யூ இருக்கும் இடத்தில் ஏ இருக்கும், டபிள்யூ இடத்தில் இசட் இருக்கும், எம் எழுத்து எல்லுக்குப் பக்கத்தில் இருக்கும். முதலில் அதில் பழகிவிட்டு ஆங்கிலப் பலகைக்குப் போனவர்களைக் கேளுங்கள், மூளை மறந்ததை விரல் மறக்காது என்பார்கள். ஜன்னலிலும் அப்படியே. விண்டோஸில் "சரி" இடப்பக்கம், "வேண்டாம்" வலப்பக்கம். மேக்கில் "சரி" வலது ஓரம். லினக்ஸின் க்னோமிலும் அப்படியே. பல வருஷம் ஒரு பக்கம் தட்டிப் பழகியவர் எழுத்தைப் படிப்பதில்லை, இடத்தைத் தட்டுகிறார். கோப்பை அழிக்கலாமா என்று கேட்கும் பெட்டியில் இடம் மாறினால் என்ன ஆகும்? டபிள்யூ.எக்ஸ். விட்ஜெட்ஸ், க்யூ.டி. போன்ற நூலகங்களைச் செய்தவர்கள் இதை யோசித்திருக்கிறார்கள். நிரலாளர் "சரி, வேண்டாம் இரண்டும் வேண்டும்" என்று சொன்னால் போதும்; எது எந்தப் பக்கம் என்பதை நூலகம் வீட்டு வழக்கம் பார்த்து வைக்கும். இந்தச் சின்ன மரியாதையைச் செய்ய முடியும் என்று நிரூபித்த பிறகும் செய்யாமல் இருப்பது அலட்சியம்.

இரண்டாவது, கண். பணியின் கடைசி வருஷங்களில் எங்கள் பிரிவுக்கு வெளியார் ஒருவர் செய்த கணக்கு நிரல் வந்தது. எழுத்து, பொத்தான் எல்லாம் தானே வரைந்துகொள்ளும் வகை. எங்கள் கண்காணிப்பாளர் அம்மாவுக்குக் கண்ணில் அப்போதே புரை விழத் தொடங்கியிருந்தது. விண்டோஸில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருந்தார். மற்ற எல்லா நிரலும் அதற்குக் கீழ்ப்படிந்தன. இந்த ஒன்று மட்டும் பொடி எழுத்திலேயே நின்றது. செய்தவரைக் கேட்டோம். "எல்லா அலுவலகத்திலும் ஒரே மாதிரி தெரியணும் சார், அதுக்காகத்தான் அப்படி வெச்சிருக்கோம்" என்றார். அந்த அம்மா ஓய்வு பெறும் வரை பூதக்கண்ணாடியைத் திரைமேல் பிடித்துக்கொண்டு சம்பளப் பட்டியல் சரிபார்த்தார். ஒரு மனுஷி தன் இயந்திரத்திடம் "எனக்குப் பெரிய எழுத்து வேண்டும்" என்று ஒரு முறை சொல்லிவிட்டாள். அந்த வீட்டுக்குள் வருகிற ஒவ்வொரு நிரலிடமும் அவள் மறுபடி மறுபடி கெஞ்ச வேண்டுமா?

மூன்றாவது, காது. பார்வை இல்லாதவர்களுக்குத் திரையில் உள்ளதை வாய்விட்டுப் படித்துச் சொல்லும் மென்பொருள்கள் இருக்கின்றன. என்.வி.டி.ஏ. என்பது இலவசமாகவே கிடைக்கிறது. அது இயந்திரத்தின் பெட்டியைக் கேட்கும்: "இங்கே என்ன இருக்கிறது?" பெட்டி சொல்லும்: "பொத்தான், பெயர் இது." தானே வரைந்துகொண்ட நிரலில் பெட்டிக்கு ஒன்றும் தெரியாது. அதற்கு எல்லாமே வெறும் வர்ணம். ஸ்விங்குக்காக ஜாவா ஆக்சஸ் பிரிட்ஜ் என்று விண்டோஸில் தனியாகப் பாலம் போட வேண்டியிருந்தது. 2012 வரை அதைத் தனியாகவே தேடிப் பிடித்து நிறுவ வேண்டும். பார்வையற்றவர் ஒருவர், இன்னும் தன்னால் படிக்க முடியாத நிரலைப் படிப்பதற்காக, முதலில் பாலம் கட்டிக்கொள்ள வேண்டும்!

நாலாவது, தமிழ். இது நம் எல்லோருக்கும் பொது. தமிழ் எழுத்தைத் திரையில் காட்டுவது ஆங்கிலம் போல ஒன்றன்பின் ஒன்றாக அச்சு அடுக்கும் வேலை இல்லை. "கெ" என்பதில் கணினிக்குள் ககரம் முதலிலும் கொம்பு பிறகும் இருக்கும். திரையில் கொம்பு முன்னால் வந்து நிற்க வேண்டும். "கொ" என்றால் முன்னால் கொம்பு, பின்னால் கால். இந்த இடமாற்றத்தைச் செய்ய ஒரு தனிக் கருவி வேண்டும். விண்டோஸில் அது உண்டு, மேக்கில் உண்டு, ஜி.டி.கே.யில் பாங்கோ என்ற பெயரில் உண்டு. வீட்டுப் பெட்டியைப் பயன்படுத்தும் நிரலுக்கு இது சும்மா கிடைக்கும். பைத்தான் மொழியோடு வரும் டிகிண்டர், டி.கே. என்ற பழைய நூலகத்தின் மேல் நிற்பது. விண்டோஸிலும் மேக்கிலும் எழுத்து வரைய வீட்டுக்காரர் உதவுவார். லினக்ஸில் டி.கே. தானே வரைந்துகொள்ளும் கட்சி. அங்கே நெடுங்காலம் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றது. பக்கத்து ஜன்னலில் ஜி.டி.கே. நிரலில் அதே சொல் சுத்தமாகத் தெரியும். இங்கே கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம். தமிழ் பிள்ளை ஒன்று ஆசையாக முதல் நிரல் எழுதித் தன் ஊர்ப் பெயரைக் காட்டினால், "நம்ம எழுத்து கம்ப்யூட்டருக்குச் சரிப்படாது போல" என்றுதானே நினைக்கும்? வீட்டிலேயே இருந்த கருவியைக் கேட்காமல் விட்டதால் வந்த வினை அது. எழுத்தின் குற்றம் இல்லை.

எதிர்க்கட்சிக்காரர்களின் வாதத்தையும் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அது நியாயம் ஆகாது.

"வீட்டுக்கு வீடு மாறினால் பயிற்சி கொடுப்பது கஷ்டம். ஒரே முகம் இருந்தால் ஒரே கையேடு போதும்" என்கிறார்கள். நிஜ உலகத்தில் ஒரு எழுத்தர் நாலு வகை இயந்திரத்தில் வேலை செய்வதில்லை. ஒரே இயந்திரத்தில் பத்து நிரல் வைத்து வேலை செய்கிறார். அவருக்குத் தேவை அந்தப் பத்தும் ஒன்றுக்கொன்று ஒத்திருப்பது. இங்கே உள்ள நிரல் ஏதோ ஒரு ஊரில் யாரோ ஒருவர் மேஜையில் எப்படித் தெரிகிறது என்பது அவருக்கு எதற்கு?

"உள்ளூர்ப் பெட்டியோடு ஒத்துப்போவது இரட்டை வேலை" என்கிறார்கள். உண்மைதான். எஸ்.டபிள்யூ.டி.யில் ஒவ்வொரு இயந்திரத்துக்கும் தனிக் கோப்பு சேர்த்து அனுப்ப வேண்டும். வாங்கின பொருளை நிரலாளர் தாமே திருப்பிக் கொடுக்க வேண்டும், ஜாவாவில் மற்ற இடங்களைப் போல அது தானாக நடக்காது. வீட்டுப் பெட்டியில் பிழை இருந்தால் அதுவும் கூடவே வரும். ஸ்விங்கில் எழுதிய நல்ல நிரல்களும் இருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் இந்த இரட்டை வேலையை நூலகம் செய்பவர் ஒருவர் ஒரு முறை செய்யலாம். அல்லது பயன்படுத்துகிறவர் ஒவ்வொருவரும் தினமும் செய்யலாம். சுமை எங்காவது இறங்கித்தான் ஆக வேண்டும். சம்பளம் வாங்குகிறவர் தோளில் இறங்குவதுதான் முறை. செருப்புக்காகக் காலை வெட்டச் சொல்வது எந்த ஊர் நியாயம்?

"இப்போதெல்லாம் தானே வரைகிற நூலகங்களும் தமிழைச் சரியாகக் காட்டுகின்றன" என்பது மூன்றாவது வாதம். அதுவும் உண்மை. ஹார்ப்பஸ் என்ற இலவசக் கருவி இந்த எழுத்து வேலையை நன்றாகச் செய்கிறது. ஜாவாவும் ஒன்பதாம் பதிப்பில் அதற்கே மாறியது. நல்லது. ஆனால் வரிசையைப் பாருங்கள். முதலில் வீட்டில் இருந்ததை வேண்டாம் என்றார்கள். பிறகு எழுத்து, பெரிய எழுத்து, படித்துக் காட்டும் வசதி என்று ஒவ்வொன்றாக, புகார் வந்த பிறகு, தாமே செய்து சேர்த்தார்கள். அந்த வரிசையில் கடைசியில் நிற்பது எப்போதும் யார்? முதியவர், பார்வை குறைந்தவர், ஆங்கிலம் அல்லாத எழுத்துக்காரர்.

பாடம் கற்றார்களா என்றால், எலெக்ட்ரான் என்று ஒன்று வந்து, சின்ன நிரல்கூட ஒரு முழு உலாவியைத் தலையில் சுமந்துகொண்டு நம் இயந்திரத்துக்குள் நுழைகிறது. கூகுளின் ஃபிளட்டர் மறுபடியும் பொத்தானிலிருந்து எல்லாவற்றையும் தானே வரைகிறது. லாரி பெரிதாகியிருக்கிறது, அவ்வளவுதான்.

ஒரு பழைய செய்தி. 1955-ல் ஐ.பி.எம்.மின் பிரான்ஸ் கிளை தன் புதிய இயந்திரத்துக்குப் பிரெஞ்சில் என்ன பெயர் வைக்கலாம் என்று பாரிஸில் லத்தீன் பேராசிரியரான ழாக் பெரேயைக் கேட்டது. அவர் தந்த சொல்தான் "ஓர்தினாத்தர்". பிரெஞ்சுக்காரர்கள் இன்றும் கணினியை அப்படித்தான் சொல்கிறார்கள். ஆங்கிலப் பெயரையே அங்கேயும் ஒட்டியிருக்கலாம், எங்கும் ஒரே மாதிரி இருந்திருக்கும். ஆனால் போகிற வீட்டின் பேச்சைக் கேட்டுப் பெயர் வைத்ததால் அது அந்த வீட்டுச் சொல்லாகவே ஆகிவிட்டது.

நம்மால் நூலகம் எழுத முடியாது. ஆனால் பிள்ளைகளும் பேரன்களும் அந்தத் துறையில்தான் இருக்கிறார்கள். சங்கத்துக்கோ சொசைட்டிக்கோ நிரல் வாங்கும் குழுவில் நம்மில் சிலர் உட்காருகிறோம். விற்க வருகிறவரிடம் நாலு கேள்வி கேளுங்கள். இயந்திரத்தில் எழுத்தைப் பெரிதாக்கினால் உங்கள் நிரலிலும் பெரிதாகுமா? "சரி", "வேண்டாம்" இரண்டும் மற்ற நிரல்களில் இருக்கும் பக்கத்திலேயே இருக்குமா? பார்வையற்றவர் என்.வி.டி.ஏ. வைத்து இதை இயக்க முடியுமா? "கொம்பு" என்று தட்டினால் கொம்பு சரியான இடத்தில் நிற்குமா? "எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தெரியும் சார்" என்று மட்டும் பதில் வந்தால், கையெழுத்துப் போடாதீர்கள். நம் வீட்டுக்கு வருகிறவர் செருப்பைக் கழற்றிவிட்டு வரட்டும்.